கன்ட்ரோல் ஏ அடித்தால் சேவ் ஆகாது, தம்பி

இந்த மாதத்தில் இது மூன்றாவது. கணக்கு எழுதுகிற தம்பி ஒருவர், சிபியூவையே கழற்றி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு என் சர்வீஸ் கடைக்கு வந்துவிட்டார். "அண்ணே, வைரஸ் வந்து ஃபைலைத் தின்னுடுச்சு." வங்கிக் கடனுக்காக ஆறு பக்கம் அடித்த கடிதம். திறந்தால் வெள்ளைப் பக்கம்.

வைரஸும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பத்து வருஷமாக டேலி என்கிற கணக்கு மென்பொருளில் வவுச்சர் (வரவு செலவுப் பதிவு) போட்ட கை அது. டேலியில் என்ட்ரியை முடிக்க கன்ட்ரோல் ஏ. அதே பழக்கத்தில் வேர்டிலும் அடித்து, கையோடு ஒரு என்டரும் தட்டியிருக்கிறார். வேர்டில் கன்ட்ரோல் ஏ மொத்தத்தையும் செலக்ட் செய்துவிடும். அதன் மேல் என்டர் தட்டினால் என்ன ஆகும்? மொத்தமும் அழிந்துபோகும். (கட், காப்பி, பேஸ்ட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான லாரி டெஸ்லர், ஒரே கீ நேரத்துக்கொரு வேலை செய்யக் கூடாது என்று ஆயுள் முழுக்க வாதாடியவர். தன் கார் நம்பர் பிளேட்டிலேயே 'நோ மோட்ஸ்', அதாவது நேரத்துக்கொரு நிலை வேண்டாம் என்று போட்டிருந்தார். யார் கேட்டார்கள்?)

அதுவரைக்கும்கூட ஒன்றும் கெட்டுப்போகவில்லை. "செய்ததைத் திருப்பிப் போட கன்ட்ரோல் இசட் அடிக்க வேண்டியதுதானே?" என்றேன். "பதட்டத்துல சேவ் பண்ணிட்டேனே அண்ணே, அப்புறம் எப்படி வரும்?"

இதைக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்கு முடி கொட்டுகிறது. வரும், சாமி, வரும்! சேவ் என்பது டிஸ்கில் எழுதுவது. நீங்கள் செய்ததையெல்லாம் திருப்பிப் போடும் பட்டியல், ஃபைல் திறந்திருக்கும் வரை மெமரியில் இருக்கிறது. சேவ் செய்த பிறகும் வேர்டில் பின்னால் போகலாம், எக்செலிலும் போகலாம். ஒரு தடவைதான் போகும் என்பதும் பொய். எக்செலில் 100 படி வரை போகலாம். மூடினால்தான் பட்டியல் அழியும். செல்போன் மாதிரி 'மூடித் திறந்தால் சரியாகிவிடும்' என்று நினைத்து மூடுகிறீர்கள் பாருங்கள், அங்கேதான் எல்லாம் போகிறது.

எழுதியது காணாமல் போனால் முதலில் கையை எடுங்கள். மூடாதீர்கள். கன்ட்ரோல் இசட். அதிகம் பின்னால் போய்விட்டால், மறுபடி முன்னால் வர கன்ட்ரோல் ஒய். டேலியில் மட்டும் இந்த விளையாட்டு வேண்டாம்: ஆல்ட் டி கொடுத்து நீக்கிய வவுச்சருக்கு பேக்கப்தான் கதி.

இதைப் படித்துவிட்டு ஷார்ட்கட்டே வேண்டாம் என்று மவுஸைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். நூறு ஷார்ட்கட் சார்ட்டைச் சுவரில் ஒட்டவும் வேண்டாம், யாரும் பார்ப்பதில்லை. வாரத்துக்கு ஒன்று பழகினால் போதும். விண்டோஸ் கீயோடு வி அடித்து ஒருமுறை ஆன் செய்தால், அதன்பின் காப்பி செய்வதில் கடைசி 25 வரை நிற்கும். பில் அடிப்பவர்களுக்கு வரப்பிரசாதம். ஆனால் பிரவுசிங் சென்டரில் ஆன் செய்யாதீர்கள், உங்கள் ஆதார் நம்பரை அடுத்து உட்காருபவர் பேஸ்ட் செய்வார். எழுந்து போகும்போது விண்டோஸும் எல்லும் அடித்து லாக் செய்யுங்கள், தயவுசெய்து.

அந்தத் தம்பிக்கு, முந்தின நாள் முதலாளிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதி கிடைத்தது. நான்கு பக்கம் தப்பியது. மீதியை என் கடையிலேயே உட்கார்ந்து அடித்தார். முடித்ததும் விரல் மறுபடி ஏ பக்கம்தான் போனது. கையைத் தட்டிவிட்டேன்.