சாக்லேட் சாப்பிட்டால் ரத்தக்குழாய் விரியுமா?

முன்கையில் ஒரு பட்டையைக் கட்டிக் காற்றடித்து, ஐந்து நிமிடம் ரத்த ஓட்டத்தை அடியோடு நிறுத்துகிறார்கள். கை மரத்துப்போகும், விரல்கள் வெளுக்கும். பிறகு காற்றைச் சட்டென்று திறந்துவிட்டால், தேங்கி நின்ற ரத்தம் ஒரே பாய்ச்சலாக உள்ளே இறங்கும். அந்த நேரத்தில் முழங்கைக்குச் சற்று மேலே அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்துப் பார்த்தால், தமனி விரிவது திரையில் தெரியும். சுமார் 4 மில்லிமீட்டர் அகலமுள்ள குழாய், ஒரு நிமிடத்துக்குள் கால் மில்லிமீட்டர் போல அகலமாகும். அவ்வளவுதான். ஆனால் ரத்தக்குழாய் நலமாக இருக்கிறதா என்று சொல்வதில் இந்தக் கால் மில்லிமீட்டருக்குப் பெரிய மதிப்பு உண்டு. புகைபிடிப்பவர்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் இந்த விரிவு குறைந்துவிடுகிறது.

ஃபிளவனால் என்ற பொருள் நிறைந்த கோகோவைக் குடிக்கக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து இதே சோதனையைச் செய்தால், விரிவு முன்பைவிடக் கூடுதலாக இருக்கிறது. சாக்லேட் இதயத்துக்கு நல்லது என்ற பேச்சின் வேர் இங்கேதான் இருக்கிறது. இந்த விரிவு எப்படி நடக்கிறது என்று புரிந்துகொண்டால், கடையில் வாங்கும் சாக்லேட்டிடம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதும் தெரிந்துவிடும்.

தமனியை விரியச் சொல்வது யார்? மூளை இல்லை, இதயமும் இல்லை. குழாயின் உட்புறத்தில் ஒரே ஒரு செல் கனத்துக்குப் படர்ந்திருக்கும் மெல்லிய படலம். எண்டோதீலியம் என்று பெயர். நெடுங்காலம் இதைக் குழாய்க்குள் ஒட்டிய வெறும் பூச்சாகத்தான் நினைத்திருந்தார்கள். அந்த எண்ணத்தை மாற்றியது 1978-இல் நடந்த ஒரு கைத்தவறு.

நியூயார்க்கில் ராபர்ட் ஃபர்ச்காட் என்ற மருந்தியலாளர், முயலின் பெருந்தமனியிலிருந்து வெட்டிய துண்டுகளை வைத்து ஆராய்ந்து வந்தார். அசிட்டைல்கோலின் வகையைச் சேர்ந்த மருந்தைப் போட்டால் அந்தத் துண்டுகள் சுருங்கும். பல ஆண்டுகளாக அவர் அப்படித்தான் பார்த்து வந்தார். ஒருநாள் அவருடைய உதவியாளர் சோதனையின் வரிசையை மாற்றிச் செய்துவிட்டார். துண்டு சுருங்கவில்லை, தளர்ந்தது. காரணத்தைத் தேடிப் போனபோதுதான் விஷயம் பிடிபட்டது. அதுவரை துண்டுகளைத் தயாரிக்கும்போது அவற்றின் உட்புறம் தெரியாமல் உரசப்பட்டு, எண்டோதீலியம் உதிர்ந்துபோயிருந்தது. படலம் இருந்தால் தளர்வு, இல்லையென்றால் சுருக்கம். அப்படியானால் அந்தப் படலம் ஏதோ ஒன்றைச் சுரந்து தசைக்குச் சேதி அனுப்புகிறது! 1980-இல் இந்த முடிவு வெளியானது. அந்தச் சேதி நைட்ரிக் ஆக்சைடு என்ற எளிய வாயு என்பது அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் உறுதியானது. 1998-இல் ஃபர்ச்காட், லூயிஸ் இக்னாரோ, ஃபெரிட் முராட் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. உரசிப்போன ஒரு படலத்திலிருந்து இவ்வளவு பெரிய உண்மை வெளிவந்ததை எப்போது படித்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது.

சரி, கைப்பட்டைக்கே திரும்புவோம். ரத்தம் வேகமாகப் பாயும்போது எண்டோதீலியத்தை உரசிக்கொண்டு போகிறது. அந்த உரசலை உணர்ந்ததும் அதன் செல்களில் உள்ள ஒரு நொதி, ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்திலிருந்து நைட்ரிக் ஆக்சைடைத் தயாரிக்கிறது. வாயுவின் ஆயுள் சில நொடிகள்தான். அதற்குள் அடுத்த அடுக்கில் உள்ள தசைச் செல்லுக்குள் ஊடுருவி, அங்கே கால்சியத்தின் அளவைக் குறைக்கிறது. தசை தளர்கிறது, குழாய் விரிகிறது. இதே வாயு ரத்தத் தட்டணுக்கள் சுவரில் ஒட்டாமலும் பார்த்துக்கொள்கிறது. அதனால்தான் இதன் சுரப்பு குறைவது, தமனிச் சுவரில் கொழுப்புப் படியும் நோயின் தொடக்க அடையாளமாக எண்ணப்படுகிறது.

இந்த வாயுவுக்கு ஓர் எதிரி உண்டு: சூப்பராக்சைடு. செல்களில் உள்ள வேறொரு நொதி அதை உண்டாக்குகிறது. நைட்ரிக் ஆக்சைடைக் கண்டால் அதனோடு உடனே சேர்ந்து அதைச் செயலிழக்கச் செய்துவிடும். கோகோ உள்ளே வருவது இந்த இடத்தில்தான். கோகோவின் ஃபிளவனால்களில் முக்கியமானது எபிகேட்டெச்சின். குடலில் உறிஞ்சப்பட்டு, கல்லீரலில் சற்று மாறி, இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் உச்சத்தைத் தொடுகிறது. அப்படி மாறிய வடிவங்கள் சூப்பராக்சைடு உண்டாவதைக் கட்டுப்படுத்துகின்றன. அதனால் நைட்ரிக் ஆக்சைடு கூடுதலாக மிஞ்சுகிறது. நைட்ரிக் ஆக்சைடு தயாரிப்பைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்ததும் கோகோவால் வந்த விரிவு காணாமல் போனது. 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், கோகோவே இல்லாமல் தூய எபிகேட்டெச்சினை மட்டும் கொடுத்தபோதும் குழாய் விரிந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் காரணம் தெளிவாகிவிடுகிறது.

மனிதர்களிடமிருந்து வந்த முதல் தடயம் பனாமாவின் சான் பிளாஸ் தீவுகளில் வாழும் குனா மக்கள். வயதானாலும் அவர்களுக்கு ரத்த அழுத்தம் ஏறுவதில்லை. பனாமா நகரத்துக்குக் குடிபெயர்ந்த குனா மக்களுக்கோ ஏறுகிறது. ஆக, இது பிறவிக் காப்பு அல்ல. ஹார்வர்டைச் சேர்ந்த நார்மன் ஹோலன்பெர்க் தேடியபோது, தீவுவாசிகள் தினமும் பல கோப்பை கோகோ குடிப்பதும், நகரத்தில் அந்தப் பழக்கம் வெகுவாகக் குறைந்துவிட்டதும் தெரியவந்தன. தீவில் மீனும் பழமும் கூடுதல், வாழ்க்கை முறையும் வேறு. எனவே பெருமை முழுவதையும் கோகோவுக்குக் கொடுத்துவிட முடியாது. ஆனால் அவர்கள் குடித்தது அதிகம் பதப்படுத்தாத கோகோ என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏனென்றால் கொட்டையிலிருந்து சாக்லேட் கட்டி வரையிலான பாதையில் ஃபிளவனால் படிப்படியாக அழிகிறது. புளிக்கவைக்கும்போது ஒரு பகுதி போகிறது, வறுக்கும்போது இன்னொரு பகுதி. பெரிய அடி விழுவது காரம் சேர்க்கும்போது. மிளகாய்க் காரம் அல்ல, அமிலத்துக்கு எதிரான ஆல்கலி என்ற காரப்பொருள். கோகோவின் கசப்பையும் புளிப்பையும் தணித்து, நிறத்தைக் கருமையாக்க இதைச் செய்கிறார்கள். 2008-இல் வெளியான ஓர் அளவீட்டில், காரம் சேர்க்காத கோகோத் தூளில் கிராமுக்குச் சராசரியாக 34.6 மில்லிகிராம் ஃபிளவனால் இருந்தது. நன்றாகக் காரம் சேர்த்ததில் 3.9 மில்லிகிராம்தான் மிஞ்சியது.

உறையில் 70 சதவீதம் என்று போட்டிருந்தாலும் இது தெரியாது. அந்த எண் கோகோத் திடப்பொருளையும் கோகோ வெண்ணெயையும் சேர்த்துச் சொல்வது. ஃபிளவனால் இருப்பது திடப்பொருளில், வெண்ணெயில் அல்ல. வெள்ளைச் சாக்லேட்டில் அந்தத் திடப்பொருளே கிடையாது. பால் சாக்லேட்டில் கொஞ்சம் உண்டு, கூடவே நிறையச் சர்க்கரையும் உண்டு.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2012-இல் ஒரு கணக்குச் சொன்னது. நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் கோகோ ஃபிளவனால் ரத்தக்குழாயின் நெகிழ்வுக்கு உதவும்; ஃபிளவனால் கெடாமல் தயாரித்த சாக்லேட்டில் 10 கிராமிலேயே அது கிடைத்துவிடும். சாதாரணச் சாக்லேட்டில் அதே அளவைத் தேடினால் கூடவே சேரும் சர்க்கரையும் கொழுப்பும் எக்கச்சக்கமாக ஏறிவிடும்.

சரி, மாரடைப்பு குறையுமா? இதைப் பார்க்க அமெரிக்காவில் 21,442 முதியவர்களை வைத்துக் காஸ்மோஸ் என்ற பெரிய ஆய்வை நடத்தினார்கள். கொடுத்தது சாக்லேட் அல்ல. தினமும் 500 மில்லிகிராம் ஃபிளவனால் கொண்ட மாத்திரை. ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகளில் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றின் மொத்த எண்ணிக்கை 10 சதவீதம் குறைந்திருந்தது. தற்செயல் என்று ஒதுக்கிவிடக்கூடிய அளவு அது. இதய நோயால் நேர்ந்த இறப்பு மட்டும் 27 சதவீதம் குறைவு. நம்பிக்கை தரும் எண்தான், ஆனால் அது ஆய்வின் முதன்மைக் கேள்வி இல்லை. ரத்த அழுத்தத்தைப் பொறுத்தவரை, 35 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2017-ஆம் ஆண்டுத் தொகுப்பில், சராசரியாக 2 புள்ளிக்குள்தான் இறக்கம் இருந்தது. இதை நம்பி யாரும் ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம்.

ஆசைக்கு ஒரு துண்டு சாக்லேட் சாப்பிடுங்கள், தப்பே இல்லை. ஃபிளவனாலுக்காகவே வாங்குவதானால் சர்க்கரை இல்லாத கோகோத் தூளைப் பாருங்கள். உட்பொருள் பட்டியலில் காரம் சேர்த்துப் பதப்படுத்தியது என்று இருந்தால் வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். காரம் சேர்க்காத தூள் கருகருவென்று இருக்காது, வெளிறிய பழுப்பாக இருக்கும். நாக்கில் வைத்தால் கசப்போடு லேசான புளிப்பும் துவர்ப்பும் தட்டும்.