ஸ்டாண்டு போடும் சத்தம்

"அவர் குடியை நிறுத்தி எட்டு மாதம் ஆகிறது. ஆனாலும் வீட்டில் யாருக்கும் சரியாகத் தூக்கமில்லை, ஏன்?" என்று கேட்டார், கணவரின் குடிநோய்க்காக என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு பெண். பக்கத்தில் பத்து வயது மகன் படம் வரைந்துகொண்டிருந்தான். வெளியே யாரோ பைக்கை நிறுத்தி ஸ்டாண்டு போட்டார்கள். பென்சில் அப்படியே நின்றுவிட்டது. (அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.)

பிறகு அவனே சொன்னான். ஒரே மிதியில் ஸ்டாண்டு விழுந்தால் பயமில்லை. இரண்டு மூன்று முறை தடுமாறினால் தங்கையை உள்ளறைக்கு அழைத்துப் போய்விடுவான். அப்பா நிறுத்திவிட்டார், பிள்ளையின் காது இன்னும் காவல் காக்கிறது.

குடியின் சேதத்தைக் கல்லீரலை வைத்தே அளந்து பழகிவிட்டோம். சிறு வயதில் அடி உதையையும் வீட்டில் ஒருவரின் போதைப் பழக்கத்தையும் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் பிற்காலத்தில் மனச்சோர்வு, போதை, இதயநோய் வரை அபாயம் கூடுகிறது என்பதை அமெரிக்க மருத்துவர்கள் ஃபெலிட்டி, அண்டா குழுவினரின் ஆய்வு 1998-லேயே காட்டியது. குடியை விட விரும்புவோர் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பு 1935-இல் தொடங்கியது. குடும்பத்தாருக்கான அல்-அனான் அமைப்பாக உருவெடுத்தது 1951-இல்தான். நானும் அப்படித்தான், குடும்பத்தாரைத் தாமதமாகவே கவனித்தேன். தொழிலின் முதல் சில ஆண்டுகள் குடிநோயாளியை மட்டும் உள்ளே அழைத்துப் பேசுவேன். மனைவியும் பிள்ளைகளும் வெளியே பெஞ்சில் காத்திருப்பார்கள். இன்று நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

குடும்பத்தார் தவிப்பில் செய்கிற இரண்டு காரியங்களைப் பற்றி மட்டும் கண்டிப்பாகவே பேசுவேன். ஒன்று, நெடுநாள் தினமும் மிதமிஞ்சிக் குடித்தவரை அறையில் பூட்டி ஒரேயடியாக நிறுத்த வைப்பது. முதல் சில நாட்களில் வலிப்பும் சித்தப்பிரமையும் வரலாம், உயிரே போகலாம்; மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் கூடாது. இன்னொன்று, சாப்பாட்டில் ரகசியமாக மாத்திரை கலப்பது. குடியை நிறுத்த உதவும் டைசல்ஃபிராம் என்ற அந்த மாத்திரை உடலில் இருக்கும்போது மது அருந்தினால் ரத்த அழுத்தம் சட்டென்று சரியக்கூடும். தப்பிப் பிழைத்தாலும் அதன்பின் மனைவி பரிமாறும் தட்டை அவர் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

அந்த அப்பாவை அடுத்த வாரம் வரச் சொன்னேன். பைக் சத்தத்தைப் பற்றிச் சொன்னதும் முதலில் கோபம் வந்தது: "அதுதான் விட்டுவிட்டேனே, இன்னும் என்ன?" வெகுநேரம் கழித்து, "தங்கையையும் கூட்டிக்கொண்டா போவான்?" என்று கேட்டார்.

இப்போது ஸ்டாண்டு போடுவதற்கு முன்பே மகன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாராம். பையன் இன்னும் தலையை நிமிர்த்துகிறான். தங்கையைத் தேடி எழுந்துபோவதில்லை.