கேம் டிரைவ்: தமிழில் என்ன சொல்லலாம்?

ஆப்பிரிக்கச் சஃபாரிக்குப் போகிறவர்கள் காட்டு விலங்குகளைப் பார்க்க ஜீப்பில் சுற்றிவருவதைக் ‘கேம் டிரைவ்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் ஒரு சொல் தேடுவதற்கு முன், முதலில் சஃபாரியைப் பார்த்துவிடுவோம். சுவாஹிலி மொழியில் சஃபாரி என்றால் பயணம், அவ்வளவுதான். பக்கத்து ஊருக்குப் பஸ்ஸில் போவதும் சஃபாரியே. கென்யாவிலும் தான்சானியாவிலும் ஊருக்குக் கிளம்புகிறவரை ‘சஃபாரி ன்ஜெமா’ என்று சொல்லி வழியனுப்புவார்கள். நல்லபடியாகப் போய் வாருங்கள் என்று பொருள்.

வேர், அரபியின் ‘சஃபர்’. நம் கடலோர முஸ்லிம் ஊர்களில் வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போனவரைச் ‘சபுராளி’ என்பார்களே, அதுவும் இதே வேரிலிருந்து வந்ததுதான். இதைக் கவனித்த நாளிலிருந்து சஃபாரி எனக்கு அந்நியச் சொல்லாகத் தோன்றுவதில்லை.

19ஆம் நூற்றாண்டில் தந்தம் சுமந்து நடந்த கூலிகளின் நெடும்பயணத்துக்கு இந்தப் பெயர் இருந்தது. பிறகு துப்பாக்கியோடு வெள்ளையர்கள் வந்தார்கள். 1909இல் அமெரிக்காவின் முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குப் போனதும், சஃபாரி என்றாலே வேட்டை என்று உலகம் புரிந்துகொண்டது. கென்யா 1977இல் வேட்டையைத் தடை செய்தது. துப்பாக்கி இருந்த கையில் கேமரா வந்தது. பெயர் மட்டும் மாறவில்லை.

‘கேம் டிரைவ்’ என்பதிலும் அந்தப் பழைய வாடை இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘கேம்’ என்பது பொழுதுபோக்காக வேட்டையாடப்படும் விலங்கையும் குறிக்கும். ‘பிக் ஃபைவ்’ என்று சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், காட்டெருமை ஐந்தையும் சேர்த்துச் சொல்வதும் வேட்டைக்காரர் கணக்குதான்: நடந்துபோய்ச் சுடுவதற்கு மிக ஆபத்தானவை இவை. அதனால் தமிழில் ‘வேட்டை’ என்ற சொல் இதன் பக்கமே வரக்கூடாது என்பது என் கட்சி.

சஃபாரியும் கேம் டிரைவும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். சஃபாரி என்பது மொத்தப் பயணம். அதற்குள் விடியற்காலையிலும் சாயங்காலத்திலும் மூன்று நான்கு மணி நேரம் ஜீப்பில் சுற்றிவருவதுதான் கேம் டிரைவ். வெயில் ஏறிவிட்டால் சிங்கம் நிழலில் படுத்துவிடும். அதனால்தான் அந்த நேரங்கள்.

இதற்கு ‘காட்டுயிர் உலா’ என்பதே பொருத்தமாகப் படுகிறது. ‘வனவிலங்கு’ என்றால் பறவையும் பூச்சியும் விடுபட்டுப்போகும். கென்யாவின் மசாய் மாரா காப்பகத்தில் சாணத்தை உருட்டிப்போகும் வண்டுக்காகவும் வண்டியை நிறுத்துவார்கள். உலா என்பதில் அவசரமில்லாத நிதானம் இருக்கிறது. உலா இலக்கியத்தில் தலைவன் பவனி வர, மற்றவர்கள் நின்று பார்ப்பார்கள். இங்கே உலா போகிறவர்களே பார்க்கிறார்கள். அந்த வேறுபாடு எனக்கு உறுத்தவில்லை. “காலை உலாவில் சிறுத்தை பார்த்தோம், மாலை உலாவில் நல்ல மழை” என்று சொல்லிப் பாருங்கள், இயல்பாகவே வருகிறது.