எச்ச மரம்: ‘ரெலிக்ட்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

மரங்களைப் பற்றிய ஆங்கில எழுத்தில் வரும் ‘ரெலிக்ட்’ (relict) என்ற உயிரியல் சொல்லை ‘ரெலிக்’ (relic) என்று படித்துவிட்டு ‘நினைவுச் சின்னம்’ என்று எழுதிவிடுவது சுலபம். உயிரோடு தளிர்த்து நிற்கும் மரத்துக்கு நினைவுச் சின்னமா?

இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: ‘விட்டுச் செல்’ என்று பொருள்படும் இலத்தீன் வினை ‘ரெலிங்க்வெரே’. பழைய ஆங்கிலக் கல்லறைகளில் ‘இன்னாரின் ரெலிக்ட்’ என்றிருந்தால், அவர் விட்டுச்சென்ற மனைவி, அதாவது கைம்பெண். அப்புறம்தான் உயிரியல் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது. ஒரு காலத்தில் பரந்து வாழ்ந்து, இன்று சில மூலைகளில் மட்டும் தங்கிவிட்ட இனம் ரெலிக்ட்.

குளிர்ப்பகுதி இலையுதிர் மரமான பீச்சில் (beech) ஒருவகை, தைவான் பீச், நல்ல உதாரணம். பனியூழியில் கடல்மட்டம் தாழ்ந்தபோது தைவான் சீன நிலப்பரப்போடு ஒட்டியிருந்தது. குளிர் விரும்பும் பீச்சுக்கு அது நல்ல காலம். பிறகு வெப்பம் ஏற ஏற, வடதைவானில் பனிமூட்டமும் காற்றும் மிகுந்த மலைமுகடுகளில் மட்டும் தங்கியது. யீலான் மாவட்டத்தின் தைப்பிங்ஷான் பகுதியில் இலையுதிர் காலத்தில் இந்தத் தோப்புகள் பொன்னிறமாக மாறுவதைப் பார்க்கக் கூட்டம் மலையேறுகிறது. ஆனால் மரத்தடியில் மண்டும் குட்டை மூங்கில், கன்றுகளை எளிதில் தலைதூக்க விடுவதில்லை. மரத்துக்கும் முகட்டைத் தாண்டி மேலே ஏற வழியில்லை. தைவான் அரசு இதைச் சட்டப்படி காக்கும் அரிய தாவரங்களில் சேர்த்திருக்கிறது. 1992இல் வந்த சாத்தியன்ஷான் காப்பகத்திலும் இது காக்கப்படுகிறது.

சரி, தமிழில்? அஞ்சு, அச்சம் என்பது போல எஞ்சு, எச்சம். ‘தக்கார் தகவிலர் என்பது அவரவர் எச்சத்தாற் காணப்படும்’ என்ற குறளில் எச்சத்துக்குப் பரிமேலழகர் மக்கட்பேறு என்று பொருள் கொள்கிறார். பின்னால் எஞ்சும் புகழும் பழியும் என்போரும் உண்டு. இலக்கணத்தில் ‘வந்த’, ‘வந்து’ என்று பொருள் முடியாமல் நிற்கும் சொற்களும் எச்சம்தான். முன்கதை போய்விட, முடிவு இன்னும் வராத மரத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தோன்றவில்லை. காக்கை எச்சம் நினைவுக்கு வந்து யாராவது சிரிக்கலாம். அதனால் தனியே விடாமல் ‘எச்ச மரம்’, ‘எச்ச இனம்’ என்று சேர்த்து எழுதுவது நல்லது.

பீச்சுக்கும் தமிழ்ப்பெயர் தேடுபவர்களுக்கு ஒன்று: நம் புங்க மரத்துக்கு ஆங்கிலத்தில் ‘இந்தியன் பீச்’ என்ற பெயர் உண்டு. அதை நம்பிப் பீச்சைப் புங்கு ஆக்கிவிடாதீர்கள். புங்கு அவரைக் குடும்பம். பீச் ஓக் குடும்பம். பீச் என்றே எழுதிவிட்டுப் போகலாம்.