வலிப்பு அடங்கும் அந்த நொடி

"என் சித்திக்கு மூன்று மாதமாகக் கடுமையான மனச்சோர்வு. சாப்பாட்டை ஒதுக்கிவிடுகிறார். பேச்சும் குறைந்துவிட்டது. மருந்து மாற்றிப் பார்த்தும் பலனில்லை. கரண்ட் வைக்கலாம் என்கிறார் டாக்டர். மூளை கருகிவிடாதா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார்.

கருகாது. டாக்டர் சொல்வது இ.சி.டி. எனப்படும் மின்வலிப்புச் சிகிச்சை; தலையில் சிறிது மின்சாரம் செலுத்தி வலிப்பை வரவழைப்பது. அதனால் மூளை ஏன் கருகாது என்பதைப் பள்ளிக்கூடக் கணக்கை வைத்தே பார்த்துவிடலாம். இன்று பரவலாகப் புழங்கும் ஒரு கருவி அதிகபட்சமாகத் தரக்கூடிய மின்னூட்டம் 504 மில்லிகூலூம். மின்னோட்டம் 0.9 ஆம்பியர். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால், மின்சாரம் உண்மையில் பாயும் நேரம் 0.56 நொடி என்று வரும். ஆற்றல் சுமார் 100 ஜூல். அந்த 100 ஜூலையும் 200 மில்லி தண்ணீரில் செலுத்தினால், அதன் வெப்பநிலை ஒரு டிகிரியில் எட்டில் ஒரு பங்குதான் உயரும். இது கருவியின் உச்ச அளவு. பலருக்கு இதைவிடக் குறைவாகவே போதும். அதிலும் பெரும்பகுதி தலைத்தோல் வழியாகவே ஓடிவிடுகிறது, ஏனென்றால் மண்டையோடு மின்சாரத்தை எளிதில் உள்ளே விடுவதில்லை.

அந்த அரை நொடியும் ஒரே மூச்சில் வருவதில்லை. ஒரு மில்லிநொடியோ அதற்கும் குறைவாகவோ நீளும் துடிப்புகளாகப் பிரிந்து, சில நொடிகளுக்குப் பரவி வருகிறது. நரம்பணு ஒன்றைத் தூண்டிவிட மில்லிநொடியின் ஒரு பகுதியே போதும். அது தூண்டப்பட்ட பிறகும் மின்சாரம் பாய்ந்துகொண்டிருந்தால் பலன் கூடாது, பக்கவிளைவுதான் கூடும். வீட்டுக்கு வரும் மாறுதிசை மின்சாரத்தின் ஒரு அலை முடிய 20 மில்லிநொடி ஆகும். பழைய கருவிகள் அந்த அலையைத்தான் அப்படியே செலுத்தின. அக்கால நோயாளிகளின் நினைவாற்றல் அதிகம் பாதிக்கப்பட்டதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

மின்சாரத்தின் வேலை வலிப்பைத் தொடங்கிவைப்பதோடு முடிந்துவிடுகிறது. சிகிச்சை என்பது அந்த வலிப்பு. முதலில் இதற்கு மின்சாரமே பயன்படவில்லை, கற்பூரம்தான் பயன்பட்டது. புடாபெஸ்ட்டைச் சேர்ந்த மனநல மருத்துவர் லாடிஸ்லாஸ் மெடுனா 1934-இல் எண்ணெயில் கரைத்த கற்பூரத்தை ஊசியாகப் போட்டு வலிப்பை வரவழைத்தார். (கற்பூரத்தை விழுங்கிய குழந்தைக்கு வலிப்பு வருவதும் இதே காரணத்தால்தான். பூஜை அறையில் எட்டாத உயரத்தில் வையுங்கள்.) வலிப்பு நோயும் மனச்சிதைவும் ஒன்றுக்கொன்று எதிரி என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கை தவறு. ஆனாலும் சிலருக்கு நோய் தணிந்தது. 1938 ஏப்ரலில் ரோம் நகரில் ஊகோ செர்லெட்டியும் லூசியோ பினியும் கற்பூரம் போன்ற வலிப்பு மருந்துகளின் இடத்தில் மின்சாரத்தை வைத்தார்கள். அப்போது மயக்க மருந்து கிடையாது. தசைகள் முறுக்கிய வேகத்தில் முதுகெலும்புகூட முறிந்தது. நம் சினிமா இன்னும் அந்த அறையை விட்டு வெளியே வரவில்லை.

இன்றைய அறை வேறு. மயக்க மருந்து கொடுத்த பிறகு தசைகளைத் தளர்த்தும் மருந்து ஏறுகிறது. அதற்கு முன்பே ஒரு கணுக்காலில் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை இறுக்கிவிடுவார்கள். தசைத்தளர்வு மருந்து அந்தப் பாதத்துக்குப் போகாது. எனவே உடம்பு முழுவதும் அசையாமல் கிடக்க, அந்த ஒரு பாதம் மட்டும் துடிக்கும். பாதம் துடிப்பதை வைத்தும், மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி. வரைபடத்தை வைத்தும்தான் வலிப்பு நடப்பதை உறுதிசெய்கிறார்கள். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

அது எப்படி முடிகிறது என்பதுதான் என்னைப் பல நாள் பிடித்துவைத்திருக்கும் விஷயம்.

சாதாரணமாக மூளையின் நரம்பணுக்கள் சந்தைக் கூட்டம்போல ஆளுக்கொன்று பேசிக்கொண்டிருக்கும். வலிப்பின்போது அவை அனைத்தும் ஒரே தாளத்தில் கத்துகின்றன. இ.இ.ஜி. தாளில் முதலில் நெருக்கமான கூர்முனைகள் எழும்; பிறகு அவை உயரமான, மெதுவான அலைகளாக மாறும்; பிறகு திடீரென்று கோடு தட்டையாகிவிடும். மின்சாரத்தை நிறுத்தி முக்கால் நிமிடம் ஆகியிருக்கும். நிறுத்தச் சொல்லி எந்த மருந்தும் கொடுக்கவில்லை. இவ்வளவு பெரிய கூச்சலை மூளை தானாகவே அடக்கிவிடுகிறது.

அடக்கும் வேலையைப் பல கைகள் சேர்ந்து செய்கின்றன. அவற்றில் ஒன்று காபா, மூளையின் முதன்மையான தடுப்பு வேதிப்பொருள். இன்னொன்று அடினோசின். அணுக்கள் வெறிகொண்டு வேலை செய்து ஆற்றலைச் செலவழிக்கும்போது அடினோசின் பெருகி, அதே அணுக்களை அமைதிப்படுத்துகிறது. நாள் முழுவதும் விழித்திருந்தால் நமக்குத் தூக்கம் வருவதிலும் இதற்குப் பங்கு உண்டு. காபி குடித்தால் தூக்கம் கலைவது, அடினோசின் அமரவேண்டிய இடத்தில் காஃபீன் போய் அமர்ந்துகொள்வதால்தான். வலிப்பு சீக்கிரமே அடங்கிவிடும் நோயாளிகளுக்கு முன்கூட்டியே காஃபீன் ஊசி போட்டு, வலிப்பை நீட்டிப் பார்த்த மருத்துவர்கள் உண்டு. அது நீண்டது! காலையில் நாம் குடிக்கும் ஒரு டம்ளர் காபியும் வலிப்பை நிறுத்தும் பிரேக்கும் ஒரே கம்பியில் இணைந்திருக்கின்றன என்று முதன்முதலில் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். உடனே அடுத்த பக்கத்துக்குப் போக மனம் வரவில்லை.

இந்தச் சிகிச்சை வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறையாக, பொதுவாக 6 முதல் 12 முறை நடக்கும். போகப் போக ஒரு மாற்றம் தெரியும். வலிப்பைத் தொடங்கத் தேவையான மின்னூட்டம் கூடிக்கொண்டே போகும், வலிப்பின் நீளமோ குறையும். அதாவது மூளை ஒவ்வொரு முறையும் தன் பிரேக்கை இன்னும் வலுவாக மிதிக்கக் கற்றுக்கொள்கிறது. வலிப்பை வரவழைக்கும் சிகிச்சையே வலிப்பு எதிர்ப்புச் சிகிச்சையாகவும் ஆகிவிடுகிறது. எந்த மருந்துக்கும் நிற்காத தொடர் வலிப்பை நிறுத்த இதைக் கடைசி முயற்சியாகக் கையாண்டதும் உண்டு. மனச்சோர்வைத் தணிப்பது வலிப்பைவிட அந்த அடக்கும் முயற்சிதானோ என்று கேட்டவர் ஹரால்ட் சாக்கீம் என்ற அமெரிக்க உளவியலாளர்.

அந்தக் கேள்விக்கு வலுச் சேர்த்தது 1993-இல் அவரது குழு வெளியிட்ட ஆய்வு. மின்முனைகளை வலப்பக்கம் மட்டும் வைத்து, வலிப்பு வருமளவுக்கு மட்டும் மின்சாரம் செலுத்தியபோது நூற்றுக்கு 17 பேருக்கே பலன் கிடைத்தது. இருபக்கமும் வைத்தபோது 65 பேருக்குக் கிடைத்தது. இரு தரப்பினருக்கும் முழு வலிப்பு வந்தது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆக, வலிப்பு வந்தால் மட்டும் போதாது; அது மூளையின் எந்தப் பகுதியை எவ்வளவு வலுவாக ஆட்கொண்டது என்பதும் முக்கியம். பிறகு வலப்பக்கத்திலேயே, தேவையான குறைந்தபட்ச அளவைப்போல 6 மடங்கு செலுத்தியபோது, இருபக்கச் சிகிச்சைக்கு இணையான பலன் கிடைத்தது. நினைவாற்றல் பாதிப்போ அதைவிடக் குறைவாக இருந்தது.

முழு விளக்கம் இன்னும் கைக்கு வரவில்லை. காபாவுக்குத் துணைபோகும் தூக்க மாத்திரைகள் மனச்சோர்வை இப்படித் தணிப்பதில்லை. நினைவோடு தொடர்புடைய ஹிப்போகாம்பஸ் பகுதி இந்தச் சிகிச்சைக்குப் பிறகு பருக்கிறது என்று ஸ்கேன்கள் காட்டுகின்றன. ஆனால் அது அதிகம் பருத்தவர்கள்தான் அதிகம் குணமானார்கள் என்று சொல்ல முடியவில்லை.

வாசகிக்கு இரண்டு விஷயங்களை மறைக்காமல் சொல்லவேண்டும். சிகிச்சை நடந்த வாரங்களின் நினைவுகளும் அதற்குச் சற்று முந்தைய நினைவுகளும் அழிந்துபோகலாம். பெரும்பாலோருக்குப் புதிதாக நினைவில் வைக்கும் திறன் சில வாரங்களில் திரும்பிவிடும். ஆனால் சிலர் தங்கள் வாழ்க்கையின் சில நிகழ்வுகளை நிரந்தரமாக இழந்திருக்கிறார்கள். அவர்கள் சொல்வதை மருத்துவ உலகம் நெடுங்காலம் காதில் வாங்காமல் இருந்தது பெரிய தவறு. அடுத்தது, குணமானதோடு நிறுத்திவிடக் கூடாது. 2001-இல் வந்த ஓர் ஆய்வில், குணமான பிறகு வெற்று மாத்திரை மட்டும் உட்கொண்டவர்களில் 84 சதவீதத்தினருக்கு ஆறு மாதத்துக்குள் நோய் திரும்பியது. நார்ட்ரிப்டிலின் என்ற மனச்சோர்வு மருந்தையும் லித்தியத்தையும் சேர்த்துச் சாப்பிட்டவர்களில் அது 39 சதவீதமாகக் குறைந்தது. உயிருக்கு ஆபத்து வருவது ஒரு லட்சம் அமர்வுகளில் இரண்டு என்ற அளவில்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

வலிப்பே இல்லாமல் மூளையைத் தூண்ட முடியாதா? முடியும். மண்டையோடு மின்சாரத்தைத் தடுக்கும், காந்தப்புலத்தைத் தடுக்காது. மாறும் காந்தப்புலம் மின்னோட்டத்தை உண்டாக்கும் என்று 1831-இல் ஃபாரடே காட்டினார். ஷெஃபீல்டில் ஆண்டனி பார்க்கர் 1985-இல் ஒரு கம்பிச்சுருளைத் தலைமேல் பிடித்துக் கணநேரம் மின்சாரம் பாய்ச்ச, வலியே இல்லாமல் கை அசைந்தது. இன்று மனச்சோர்வுக்குத் தரும் காந்தச் சிகிச்சையிலும் அளவு பார்க்கும் முறை அதுதான். கட்டைவிரல் எந்த அளவில் துள்ளுகிறது என்று பார்த்து, அதை வைத்து ஆளுக்கேற்ற வலிமையைக் கணக்கிடுகிறார்கள். பிறகு சுருளை இடது முன்மூளைக்கு மேலே நகர்த்துகிறார்கள். மயக்க மருந்து வேண்டாம். மரங்கொத்தி கொத்துவதுபோன்ற டக் டக் ஓசையும் சற்றுத் தலைவலியும் இருக்கும். அமெரிக்கா 2008-இல் இதற்கு அனுமதி தந்தது. அப்போது ஒரு அமர்வுக்கு 37 நிமிடம் ஆனது. மூளையின் இயல்பான தாளத்தை ஒட்டித் துடிப்புகளைக் கொத்துக் கொத்தாகத் தந்தால் 3 நிமிடமே போதும் என்று, 414 பேரை வைத்துக் கனடாவில் நடத்திய ஆய்வு 2018-இல் காட்டியது. ஆனால் சாப்பாட்டையே நிறுத்திவிட்ட அளவுக்கு முற்றிய நோய்க்குக் காந்தச் சிகிச்சை பழைய வலிப்புச் சிகிச்சைக்கு ஈடாகாது.

மூளைக்குள்ளேயே கம்பி பதிக்கும் முறையும் உண்டு. டொராண்டோவில் ஹெலன் மேபெர்க், ஆண்ட்ரெஸ் லோசானோ குழு 2005-இல் ஆறு பேருக்கு அப்படிச் செய்தது. ஆறு மாதத்துக்குப் பிறகும் நால்வருக்குப் பலன் நீடித்தது. அறுவைக் கூடத்தில் மின்சாரத்தை முடுக்கிய கணத்திலேயே மனம் லேசானதாகவும் நிறங்கள் துலங்கித் தெரிந்ததாகவும் சிலர் சொன்னார்கள். பின்னர் நடந்த பெரிய ஆய்வில், மின்சாரம் தராத பொய்ச் சிகிச்சையோடு ஒப்பிட்டபோது பெரிய வேறுபாடு தெரியவில்லை. அந்த ஆய்வை இடையிலேயே நிறுத்திவிட்டார்கள். இது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வலிப்புச் சிகிச்சையில் காப்புரிமை பெற்று விற்கப் பெரிதாக ஒன்றுமில்லை. ஆகவே அதன் சூட்சுமத்தை ஆராய எந்தப் பெரிய நிறுவனத்துக்கும் அவசரமில்லை. அரசுகள்தான் இதற்குச் செலவிடவேண்டும். 85 ஆண்டுகளுக்கு மேலாகியும் அடிப்படைக் கேள்விக்கு முழு விடை இல்லாமல் இருப்பது அறிவியலின் இயலாமை என்று நான் நினைக்கவில்லை. நாம் எதற்குக் காசு ஒதுக்குகிறோம் என்பதைத்தான் அது காட்டுகிறது.

2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநலக் காப்பகம் என்ற பெயரில் இருந்த ஓலைக் கொட்டகை எரிந்தது. 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. பேய், செய்வினை என்று நம்பி அழைத்துவந்த குடும்பங்கள் எத்தனையோ. அரை நொடி மின்சாரத்துக்குப் பயப்படும் நாம் சங்கிலிக்குப் பயப்படவில்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதையும், மயக்க மருந்தும் தசைத்தளர்வு மருந்தும் இல்லாமல் இந்தச் சிகிச்சை தருவதையும் ஒரே பிரிவில், 95-ஆம் பிரிவில், தடைசெய்திருக்கிறது.

எனவே வாசகிக்கு: மயக்க மருந்து நிபுணர் உடனிருப்பாரா, மின்முனைகளை ஒருபக்கம் வைப்பார்களா இருபக்கமா, முடிந்த பிறகு என்ன மருந்து தொடரும் என்று டாக்டரிடம் கேளுங்கள். சித்திக்குப் புரியும்படி எல்லாவற்றையும் சொல்லி அவருடைய சம்மதத்தைக் கேளுங்கள். அன்று காலை வெறும் வயிறாக இருக்கவேண்டும், காபிகூடக் கூடாது. கண் விழித்ததும் கொஞ்ச நேரம் குழப்பமாக இருக்கும். இது எந்த இடம், இன்று என்ன கிழமை என்று நான்கைந்து முறை கேட்பார். பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு முறையும் முதல்முறை கேட்பதுபோலவே பதில் சொல்லுங்கள்.