மலைச்சரிவை மொட்டையடிக்காதீர்கள்

பினாங்கின் பாலிக் பூலாவ் பக்கம் பழக்காலம் நெருங்கினாலே பல டுரியான் தோட்டங்களில் களைமருந்தடித்துத் தரையைக் காயவைத்துவிடுகிறார்கள். விழுந்த பழம் கண்ணில் பட வேண்டும், நியாயம்தான். அதற்கு மரத்தைச் சுற்றி நான்கு விரல் உயரத்துக்குப் புல்லை வெட்டினாலே போதும். சரிவில் வேர்ப்பிடிப்பு போய்விட்டால், செப்டம்பர் முதல் நவம்பர் வரை கொட்டும் மழை மேல்மண்ணை ஓடைக்கு இழுத்துப் போகும். காலியான இடத்தில் முந்திக்கொண்டு வருவது லாலாங் புல்லும் மைக்கேனியாக் கொடியும்தான்.

லாலாங்கை அடக்க ஜனவரி, பிப்ரவரி வெயிலே ஏற்றது. மேலே வெட்டுவதால் மட்டும் அது சாகாது. உயிர் மண்ணுக்கடியில் ஓடும் தண்டில் இருக்கிறது. தீ வைத்தால் இன்னும் மோசம். தண்டு பிழைத்துத் துளிர்க்கும், பூத்து விதையைக் காற்றில் விடும். திறந்தவெளி எரிப்பு 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றமும்கூட. சமநிலத்தில் சங்குல் மண்வெட்டியால் 20 சென்டிமீட்டர் வரை கிளறி, தண்டுகளைப் பொறுக்கி வெயிலில் காயப்போடுங்கள். இயந்திரத்தால் ஒருமுறை உழுதுவிட்டு நிறுத்தினால் ஒவ்வொரு துண்டும் ஒரு செடியாகும். சரிவில் கிளறவே வேண்டாம். பலகை வைத்து மிதித்துப் படுக்கவிட்டு, அருகே நிழல் மரம் வளர விடுங்கள். லாலாங் நிழல் தாங்காது.

ஏப்ரல், மே மழையில் எல்லாம் ஒன்றாகக் கிளம்பும். தோட்டக்காரர்கள் ‘ரும்புட் இஸ்ரேல்’ என்று சொல்லும் அசிஸ்டேசியாக் களையை, காய் பச்சையாக இருக்கும்போதே அறுக்க வேண்டும். முற்றினால் வெடித்து விதையைத் தூர எறியும். மைக்கேனியாவை அறுத்து ஈரமண்ணில் குவித்தால் கணுவுக்குக் கணு வேர் விடும். தகரத்தின் மேல் போட்டுக் காயவிடுங்கள்.

வெட்டுக்காயப் பூண்டு, தும்பை போன்றவற்றை ஓரங்களில் விட்டுவையுங்கள். பாதியை இப்போது வெட்டி, மீதியை மூன்று நான்கு வாரம் கழித்து வெட்டினால் தேனீக்கும் குளவிக்கும் பூ அறுபடாது. செம்பனைத் தோட்டச் சாலையோரங்களில் டர்னேரா பூச்செடியை நட்டு வளர்ப்பது அழகுக்காக அல்ல. ஓலை தின்னும் பைப்புழுவை அழிக்கும் சிறு குளவிகள் அதன் தேனை உண்டு வாழ்கின்றன. மழைக்காலத்தில் ஒரு சாண் தண்டை வெட்டி நட்டாலே பிடித்துக்கொள்ளும்.

புல்வெட்டி இயந்திரத்தின் நைலான் கயிறு மரப்பட்டையில் படக்கூடாது. அந்தக் காயத்தின் வழியே பைட்டோப்தோரா என்னும் அழுகல் நோய்க்கிருமி நுழைந்து டுரியான் மரத்தையே சாய்த்துவிடும். அடிமரத்தை ஒட்டி ஒரு முழம் வரை கையால் பிடுங்குங்கள். வெட்டிய புல்லையும் அடிமரத்தில் குவிக்காதீர்கள், ஈரம் தங்கும்.

பாராகுவாட் களைக்கொல்லிக்கு 2020 முதல் நாட்டில் தடை. அதற்குப் பதிலாகக் கிளைபோசேட்டை மட்டுமே ஆண்டுக்கணக்கில் அடிப்பதும் பயன் தராது. அதற்கு மசியாத சம்பாவ் புல் மலேசியாவில் 1997லேயே பதிவானது.

வெள்ளைப் பொடிப்பூவும் கேரட் போன்ற இலையும் கொண்ட பார்த்தீனியத்தைக் கண்டால் வெறுங்கையால் தொடாதீர்கள். தோல் அரிக்கும், மூச்சுத் திணறும். கையுறையும் முகக்கவசமும் அணிந்து, பூக்குமுன் வேரோடு பிடுங்கிப் பையில் கட்டிவிட்டு, விவசாயத் துறைக்குத் தெரிவியுங்கள்.