நுரையீரல் புற்றுநோயா? முதலில் காப்பீட்டு அட்டையை எடுங்கள்

நுரையீரல் புற்றுநோய் என்று டாக்டர் சொன்ன வீட்டில் முதல் சில வாரங்கள் பெரும்பாலும் கடன் கேட்டு அலைவதிலேயே போய்விடுகின்றன. அதற்கு முன்னால், தமிழ்நாடு அரசின் ‘முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை’ வீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் யாராவது ஒருவர் அதற்காகவே கிளம்புங்கள்.

குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் சேரலாம். 2022 வரை இந்த வரம்பு 72,000 ஆக இருந்தது, அதனால் முன்பு கிடைக்காதவர்களும் மறுபடி கேட்டுப் பாருங்கள். முகாம்களில் இருக்கும் இலங்கைத் தமிழர்களுக்கு வருமான வரம்பே கிடையாது. விஏஓவிடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போனால் பதிவு செய்வார்கள். சந்தேகம் இருந்தால் 1800 425 3993, கட்டணமில்லா எண்.

2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டத்தோடு இணைந்த பிறகு ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. அது ஒரு ஆளுக்கு இல்லை, மொத்தக் குடும்பத்துக்கும் சேர்த்து. நோய் வந்த பிறகு சேர்ந்தாலும் செல்லும். பீடி, சிகரெட் பிடித்தவருக்குத் தர மாட்டார்கள் என்று சிலர் விண்ணப்பிக்காமலே இருந்துவிடுகிறார்கள், அப்படி ஒரு விதியே இல்லை, தயவுசெய்து அந்தக் கூச்சத்தில் நாளைக் கடத்தாதீர்கள்.

அவசரப்படுத்தக் காரணம் இருக்கிறது. அமெரிக்கப் புள்ளிவிவரப்படி, கட்டி நுரையீரலைத் தாண்டாத நிலையில் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் 60 சதவீதம் பேராவது ஐந்து ஆண்டுகள் வாழ்கிறார்கள், உடம்பில் தூரத்து உறுப்புகளுக்குப் பரவிவிட்டால் அது 10 சதவீதத்தை ஒட்டி விழுந்துவிடுகிறது. நம் ஊரிலோ விடாத இருமல், சளியில் ரத்தம் என்றால் முதலில் காசநோய் என்றே நினைக்கிறோம், எக்ஸ்ரேயிலும் இரண்டும் ஒன்றுபோலத் தெரியலாம், சளிப் பரிசோதனையில் கிருமி இல்லாமலே மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை ஓடும். மாத்திரை எடுத்தும் இருமல் குறையவில்லை, எடை இறங்குகிறது என்றால் சிடி ஸ்கேனும் தேவைப்பட்டால் பயாப்ஸியும் (கட்டியிலிருந்து சிறு துண்டு எடுத்துச் செய்யும் பரிசோதனை) எடுக்கலாமா என்று நீங்களே டாக்டரிடம் கேளுங்கள்.

சரி, பணம் எப்படிப் போகும்? இது பணமில்லா சிகிச்சைத் திட்டம். ஆஸ்பத்திரி முதலில் காப்பீட்டு நிறுவனத்திடம் அனுமதி வாங்கும், அப்புறம்தான் அறுவை சிகிச்சையோ கீமோவோ ரேடியேஷனோ தொடங்கும். அதனால் சேரும் அன்றே அட்டையைக் காட்டுங்கள். கையிலிருந்து கட்டிவிட்டுப் பிறகு திரும்ப வாங்கலாம் என்று நம்பாதீர்கள். அந்த ஆஸ்பத்திரி திட்டத்தில் இருக்கிறதா என்பது போதாது, புற்றுநோய் சிகிச்சைக்காக இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

பயாப்ஸியில் அடினோகார்சினோமா (நுரையீரல் புற்றுநோயில் ஒரு வகை) என்று வந்தால், கட்டியில் இஜிஎஃப்ஆர் என்ற மரபணு மாறியிருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை பற்றிக் கேளுங்கள், குறிப்பாகப் புகைபிடிக்காதவர்கள். அந்த மாற்றம் இருந்தால் ஜெஃபிட்டினிப் போன்ற மாத்திரை கீமோவைவிட நோயை அதிக நாள் கட்டுக்குள் வைக்கிறது, இந்திய நிறுவனங்களே தயாரிப்பதால் விலையும் குறைவு. எந்த மருந்து, எந்தப் பரிசோதனை காப்பீட்டில் அடங்கும் என்பதை ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் கொண்டே புற்றுநோயைத் தாக்கும் புதிய இம்யூனோதெரபி மருந்துகளின் செலவு 5 லட்சத்தைச் சுலபமாகத் தாண்டிவிடும், அதைத் தொடங்குமுன் முழுச் செலவையும் டாக்டரோடு பேசிவிடுங்கள்.

ரயிலில் போய் சிகிச்சை எடுப்பவர்களுக்குத் தனிச் சலுகை உண்டு: டாக்டரிடம் ரயில்வே படிவத்தில் கையெழுத்து வாங்கினால் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் நோயாளிக்கு டிக்கெட் இலவசம், கூடப் போகும் ஒருவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி.